கைப்பிடித் தோல்

பாட்மிண்டன் மட்டையில் எந்தப் பாகம் முக்கியம் என்று ஆடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் நரம்பு என்பார். இன்னொருவர் சட்டம் என்பார். கொஞ்சம் அனுபவம் உள்ளவர் கனத்தைப் பற்றியும் நிதானத்தைப் பற்றியும் ஒரு சிறு பிரசங்கமே செய்வார். கைப்பிடியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதில் ஆச்சரியம் இல்லை. நரம்பும் சட்டமும் கண்ணுக்குத் தெரிகின்றன. கைப்பிடி கைக்குள் மறைந்து போகிறது.

ஆனால் யோசித்துப் பார்த்தால், மட்டை முழுவதிலும் மனிதனுக்குச் சொந்தமான இடம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் பந்துக்குச் சொந்தம். ஒரு சாணுக்கும் குறைந்த அந்த நீளத்தில்தான் மரமும் மனிதனும் சேருகிறார்கள். அந்தச் சாண் நீளத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. அது லண்டனிலும் பூனாவிலும் ஓடி, நம்முடைய அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருச்சுழிக் கரிசல் காட்டு ஆவாரஞ்செடி வரைக்கும் வருகிறது என்றால் நீங்கள் சிரிக்கக் கூடும். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

ஆட்டத்தின் பெயர் இங்கிலாந்தில் போபோர்ட் பிரபுவின் மாளிகையான 'பாட்மிண்டன் ஹவுஸ்' என்ற இடத்திலிருந்து வந்தது. ஆட்டம் நம் நாட்டில் வளர்ந்தது. மட்டையால் இறகுப் பந்தைத் தட்டுகிற குழந்தை விளையாட்டு ஐரோப்பாவில் பழையது. நடுவில் வலை கட்டி, எல்லை கிழித்து, அதைப் பெரியவர்களின் போட்டியாக்கியதில் இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரப் பட்டாளத்து அதிகாரிகளுக்குப் பெரிய பங்கு. பூனாவில் 1870-களில் அதற்கு விதிகள் எழுதினார்கள். 'பூனா' என்பதே ஆட்டத்துக்கு ஒரு பெயராகவும் இருந்தது. உத்தியோகம் முடிந்து ஊர் திரும்பியவர்கள் அதைக் கப்பலேற்றிக் கொண்டு போனார்கள். இங்கிலாந்தில் 1893-ல் சங்கம் அமைந்தது. 1899-ல் ஆல் இங்கிலாந்து போட்டி தொடங்கியது.

அந்தக் காலத்து மட்டைகளின் பிடி பெரும்பாலும் வெறும் மரம். வழுக்காமல் இருக்க மரத்திலேயே மெல்லிய கோடுகள் கீறியிருப்பார்கள். குளிர் தேசத்தில் அது போதும். நம் ஊர் உள்ளங்கைக்குப் போதுமா? பங்குனி வெயில் இறங்கின பிறகும் கரிசல் மண் அடுப்புக் கல்லைப் போலச் சூட்டைக் கக்கிக் கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பத்து நிமிஷம் ஆடினால் கையில் எண்ணெய் தடவினது போல ஆகிவிடும். ஓங்கி அடிக்கும்போது மட்டை உள்ளுக்குள் அரைக்கால் திரும்பினாலும் போதும், பந்து பக்கத்து வீட்டுக் கூரையில். மரத்தின் மேல் தோல் சுற்றுகிற வழக்கம் பிற்பாடு வந்து பரவிற்று. தோல் வியர்வையைக் கொஞ்சம் குடிக்கும், கையோடு ஒட்டும், நாளாக ஆகப் பிடிக்கிறவனின் விரல் அடையாளத்தைத் தன் மேல் வாங்கிக் கொள்ளும்.

இந்தச் சுற்றும் வித்தை எளிது என்று நினைப்பவர்கள் ஒரு தரம் சுற்றிப் பார்க்க வேண்டும். மட்டையின் பிடி உருண்டை இல்லை, எட்டுப் பட்டை. அந்தப் பட்டைகள்தான் இருட்டிலும் விரலுக்கு வழி சொல்கின்றன. கண்ணால் பார்க்காமலே மட்டை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கை அறிந்து கொள்ளும். தடிமனான தோலைக் கன்னாபின்னாவென்று சுற்றினால் எட்டுப் பட்டையும் மறைந்து பிடி உலக்கை ஆகிவிடும். ஆகவே தோலை ஓர் அங்குல அகல வாராக வெட்டி, இரண்டு ஓரத்தையும் உள்பக்கம் சீவி மெலிதாக்க வேண்டும். ஒரு முனையைக் கூராக வெட்டி, பிடியின் அடிக்குமிழில் ஒரு சிறு ஆணியால் நிறுத்த வேண்டும். பிறகு சாய்வாக மேலே ஏற்றிக் கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின் மேல் ஒரு நூல் அளவு, மிஞ்சினால் இரண்டு நூல் ஏறலாம். இங்கே நூல் என்பது தச்சர் சொல்லும் நூல், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஏறாமல் விட்டால் இடைவெளியில் மரம் பல்லைக் காட்டும்; அதிகம் ஏறினால் படிக்கட்டாகிக் கையை அறுக்கும்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதிலும் ஒரு தர்மம் இருக்கிறது. விரல்கள் அழுத்தித் திருகும் திசைக்குச் சுற்று இறுக வேண்டும், அவிழக் கூடாது. வலது கைக்காரன் மட்டையும் இடது கைக்காரன் மட்டையும் எதிரெதிராகச் சுற்றப்படுவது அதனால்தான். பம்பரம் விட்ட பையனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாட்டையைத் தலைகீழாகச் சுற்றிக் கொண்டு வந்தவனுக்குப் பம்பரம் என்ன மரியாதை செய்யும் என்று அவனுக்குத் தெரியும்.

மேல் முனையைக் கட்டுவதுதான் கடைசிச் சோதனை. தோலைச் சரிவாக வெட்டி, அதன் மேல் மெழுகு போட்ட நூலைச் சுற்றுவார்கள். முடிச்சுப் போட்டால் அது ஆள்காட்டி விரலில் உறுத்தும். ஆகவே முதலில் நூலை மடித்து ஒரு கண்ணியாகப் படுக்க வைத்து, அதன் மேலேயே பத்துப் பன்னிரண்டு சுற்று நெருக்கமாகச் சுற்றி, நுனியைக் கண்ணிக்குள் விட்டு, மறுபக்கத்திலிருந்து இழுப்பார்கள். கண்ணி நுனியையும் விழுங்கிக் கொண்டு சுற்றுக்களுக்கு அடியில் போய் ஒளிந்துவிடும். தலைப்பும் தெரியாது, முடிவும் தெரியாது. தார் சுற்றிப் பழகின நெசவாளர் வீட்டுப் பெண்கள் நிறைந்த அருப்புக்கோட்டையில், நூலைப் பட்டாளம் போல வரிசையாகப் படுக்க வைக்கும் இந்த ஒழுங்கை யாரும் அதிசயம் என்று சொல்ல மாட்டார்கள்.

சரி, தோல் எங்கிருந்து வந்தது?

ஆவாரை எங்கள் சீமையில் யாரும் விதைப்பதில்லை. மழை பொய்த்தாலும் அது பொய்க்காது. ஓடை ஓரத்திலும் சாலை ஓரத்திலும், வேறு எதுவும் நிற்க மறுக்கிற இடத்தில் மஞ்சளாகப் பூத்துக் கொண்டு நிற்கும். 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று வைத்தியர்கள் அதன் பூவைக் கொண்டாடினார்கள். வியாபாரிகள் கொண்டாடினது அதன் பட்டையை. ஆட்டுத் தோலையும் மாட்டுத் தோலையும் சுண்ணாம்பில் ஊற வைத்து, மயிர் நீக்கி, சதை சீவி, ஆவாரம்பட்டைச் சாற்றில் போட்டுப் பதப்படுத்துவார்கள். கடைசியில் கடுக்காய்ச் சாறு. இப்படிப் பதமான தோல் வெளிறின நிறமும் மெத்தென்ற தன்மையும் கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை ராஜதானியிலிருந்து இது மூட்டை மூட்டையாக லண்டன் சந்தைக்குப் போயிற்று. அங்கே 'கிழக்கிந்தியத் தோல்' என்று அதற்குப் பெயர். பூட்ஸுகளின் உள்புறமாகவும் புத்தகங்களின் மேலட்டையாகவும் அது அவதாரம் எடுத்தது. திண்டுக்கல், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் தோலால் வளர்ந்த ஊர்கள். பிற்பாடு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்து ஆவாரையின் இடத்தைப் பிடித்தது. அதற்கு முன்பே, இந்த நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆல்பிரட் சாட்டர்டன் என்ற அதிகாரி சென்னையில் குரோமியம் உப்பைக் கொண்டு பதனிடும் முறையைச் சோதித்துப் பரப்பினார். குரோம்பேட்டை என்ற ஊரின் பெயரே ஒரு குரோம் தோல் கம்பெனியின் பெயரிலிருந்து வந்ததுதான். 1948-ல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் சென்னையில் ஏற்பட்டது.

ஆனால் கைப்பிடித் தோலைப் பொறுத்த வரை மரப்பட்டையில் பதமானதற்குத்தான் மதிப்பு. அது வியர்வையை உறிஞ்சும். கை அதை வழுக்காமல் பிடிக்கும்.

இவ்வளவும் தோலின் கதை. தோலைத் தொட்ட கைகளின் கதை வேறு.

கரிசல் காட்டில் ஒரு காலத்தில் தோல் இல்லாமல் விவசாயம் இல்லை. மின்சார மோட்டார் வருமுன் கிணறுகளில் கமலை ஓடிற்று. சாலின் அடியில் நீளமாகத் தொங்குமே தோல் வால், அதைத் தைத்துக் கட்டிக் கொடுத்தவர்கள் ஊருக்கு வெளியே குடியிருத்தப்பட்ட மக்கள். அந்த வால் வழியாக வந்த தண்ணீர்தான் வயலுக்குப் பாய்ந்தது. தண்ணீருக்குத் தீட்டு இல்லை. தோலுக்கும் தீட்டு இல்லை. தைத்தவருக்கு மட்டும் இருந்தது. இந்தக் கணக்கு எந்த வாய்ப்பாட்டில் வருகிறது என்று கேட்கத் துணிந்தவர்கள் கொஞ்சம்.

தொடுவதும் நுழைவதும் எங்கள் சீமையில் விளையாட்டான விஷயமாக இருந்ததில்லை. பக்கத்துக் கமுதியில் 1897-ல் நாடார்கள் கோவிலுக்குள் நுழைந்தார்கள் என்பதற்காகத் தொடரப்பட்ட வழக்கு, மதுரைக் கோர்ட்டு, சென்னை ஹைக்கோர்ட்டு எல்லாம் ஏறி லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1908-ல் அங்கே உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார நீதிபதிகளும் நுழைந்தவர்களுக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னார்கள். ஆவாரம்பட்டையில் பதமான தோல் அதே லண்டனில் தாராளமாக எல்லாக் கதவுக்குள்ளும் நுழைந்து கொண்டிருந்த காலம் அது.

சிறு ஊர்களில் பாட்மிண்டன் மைதானங்கள் இருந்த நாளில் நடந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கைப்பிடித் தோல் கிழிந்தால், செருப்புத் தைப்பவரை வரச் சொல்லி ஆள் போகும். அவர் குத்தூசியும் கத்தியும் கொண்டு வந்து கோட்டுக்கு வெளியே வேலி நிழலில் உட்காருவார். மட்டையை அவர் கையில் கொடுக்க மாட்டார்கள், தரையில் வைப்பார்கள். அவர் எடுப்பார். பழைய தோலை உரித்து, மரத்தைத் துடைத்து, புதுத் தோலை இழுத்து இழுத்துச் சுற்றுவார். சுற்றும்போது உள்ளங்கையால் அழுத்தித் தேய்ப்பது முக்கியம். அந்தச் சூட்டில்தான் தோல் எட்டுப் பட்டையிலும் படியும். வேலை முடிந்ததும் அவரும் மட்டையைத் தரையில் வைப்பார். காசும் தரையில் விழும். அப்புறம் அதே கைப்பிடியை, அவருடைய உள்ளங்கைச் சூடு ஆறுவதற்கு முன்பே, சொந்தக்காரர் இறுகப் பிடித்துக் கொண்டு ஆட்டத்துக்குப் போவார். மட்டை ஆட்சேபம் சொன்னதில்லை.

இந்த வேடிக்கையின் இன்னும் பெரிய வடிவத்தைப் பாட்மிண்டனுக்கு விதி எழுதின பூனாவிலேயே பார்க்கலாம். அந்த விதிகள் எழுதப்பட்டு ஏறத்தாழ இருபது வருஷம் கழித்து, அதே ஊரில் வெள்ளைக்காரர்களின் கிரிக்கெட் மைதானத்தில் பல்வங்கர் பாலு என்ற இளைஞர் வேலை பார்த்தார். தோல் வேலை செய்யும் ஜாதியில் பிறந்தவர். ஆடுகளத்தை உருட்டிச் சமன் செய்வது அவர் உத்தியோகம். துரைமார்கள் பழகுவதற்குப் பந்து வீசுவது கூடுதல் உத்தியோகம். வீசி வீசி, நாட்டிலேயே சிறந்த இடது கைச் சுழல் பந்து வீச்சாளர் ஆகிவிட்டார். பூனா இந்துக்களுக்குத் தர்மசங்கடம். வெள்ளைக்காரர்களைத் தோற்கடிக்க அவர் வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட அவர் வேண்டாம். கடைசியில் ஒரு சமரசம் செய்தார்கள். மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொடலாம். தேநீர் வேளையில் மட்டும் அவருக்கு மண்டபத்துக்கு வெளியே, தனியாக, மண் கோப்பையில்.

அந்தப் பந்தும் தோல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

1911-ல் இந்திய அணி இங்கிலாந்து போனபோது பாலு நூறு விக்கெட்டுக்கு மேல் சாய்த்தார். ஆனாலும் இந்துக்கள் அணியின் தலைமை அவருக்குக் கிடைக்கவில்லை. அவருடைய தம்பி விட்டலுக்குத்தான், 1923-ல், அது வந்து சேர்ந்தது. மதுரை மீனாட்சி கோவில் கதவு 1939-ல் வைத்தியநாதய்யரின் முயற்சியால் திறந்தது. தீண்டாமை ஒழிந்தது என்று அரசியல் சட்டம் 1950-ல் எழுதிற்று. எழுதின உடனே ஒழிந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். தரையில் காசு போட்ட கதையைச் சொன்னார்களே பெரியவர்கள், அது அதற்குப் பிந்தின காலத்துக் கதை.

ஆட்டத்துக்குத் திரும்புவோம். இறகுப் பந்துக்குக் காற்று ஜன்ம விரோதி. கரிசல் காட்டில் ஆடி மாதத்தில் இறகுப் பந்தை அடித்தால் அது அடுத்த தாலுகாவில் போய் விழும். நம்மவர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: இறகுக்குப் பதில் மஞ்சள் கம்பளி நூல் பந்து. அதுதான் பூப்பந்து. தஞ்சாவூர் அரண்மனையில் 1856-லேயே இதை ஆடினார்கள் என்று விளையாட்டு நூல்கள் எழுதுகின்றன. அது உண்மையானால் அதில் ஒரு சோகம் உண்டு. தஞ்சையின் கடைசி அரசர் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் காலமானார். கம்பெனியார் ராஜ்யத்தை எடுத்துக் கொண்டார்கள். ஆக 1856-ல் அந்த அரண்மனையில் கையில் பிடிக்கச் செங்கோல் இல்லை, மட்டைதான் இருந்தது.

பூப்பந்து பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடுகிற ஆட்டம். கூரை வேண்டாம், மரத் தரை வேண்டாம். செம்மண்ணோ கரிசலோ, கெட்டித்த தரை இருந்தால் போதும். அதனால்தான் பள்ளிக்கூட மைதானத்திலும் தாலுகா ஆபீஸ் முற்றத்திலும் அது வேர் பிடித்தது. 1954-ல் அதற்கு அகில இந்திய சம்மேளனம் ஏற்பட்டது. 1970-ல் ஆந்திரத்தைச் சேர்ந்த ஜே. பிச்சையா இந்த ஆட்டத்துக்காக அர்ஜுனா விருது பெற்றார். பந்து முப்பது கிராமுக்கு உட்பட்டதுதான். ஆனால் இறகுப் பந்தைப் போல ஐந்தாறு மடங்கு கனம். அது மட்டையில் வந்து மோதும்போது கைப்பிடிக்கு வேலை அதிகம். தோல் வாங்க வசதியில்லாத பையன்கள் வேட்டிக் கிழிசலைச் சுற்றினார்கள். சைக்கிள் ட்யூபை வாராக வெட்டிச் சுற்றினார்கள். இதில் வேட்டித் துணிதான் ஜெயித்தது. ரப்பர் வியர்வையைக் குடிக்காது, பருத்தி குடிக்கும். கருங்கண்ணிப் பருத்தி விளைந்த மண்ணின் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. இன்று பெரிய ஆட்டக்காரர்கள் பலர் கைப்பிடியில் பூத்துவாலை நாடாவைச் சுற்றுகிறார்கள். அது நம் வேட்டிக் கிழிசலின் பணக்கார உறவினர்.

மட்டை செய்தவர்களின் கதையும் சுகமான கதை அல்ல. பிரிவினைக்கு முன் நம் நாட்டு விளையாட்டுச் சாமான்களுக்குத் தலைநகரம் சியால்கோட். 1947-ல் அது பாகிஸ்தானுக்குப் போயிற்று. அங்கிருந்த இந்து, சீக்கியத் தொழிலாளிகளும் முதலாளிகளும் உயிரைக் கையில் பிடித்துக் கொண்டு ஜலந்தருக்கும் மீரட்டுக்கும் வந்தார்கள். கையில் வேறொன்றும் இல்லை. மரத்தை வளைக்கவும் தோலைத் தைக்கவும் தெரிந்த விரல்கள் இருந்தன. அந்த விரல்களை வைத்துத் தொழிலை மறுபடி தொடங்கினார்கள்.

யுத்தத்தில் தோற்ற ஜப்பானிலும் இப்படி ஒரு கதை. 1946-ல் நீகாத்தாவில் ஒரு குடும்பம் மீன் வலைகளுக்கு மரத்தில் மிதவை செய்யத் தொடங்கிற்று. பிளாஸ்டிக் மிதவை வந்து அந்தப் பிழைப்பை மூழ்கடித்தது. மரம் சீவத் தெரிந்தவர்கள் 1957-ல் பாட்மிண்டன் மட்டை செய்ய ஆரம்பித்தார்கள். அதுதான் இன்று உலகம் அறிந்த யோனெக்ஸ். மரம் போய் உலோகம் வந்தது. உலோகம் போய்க் கரிநார் வந்தது. தோலும் போய்விட்டது. இப்போது கைப்பிடிக்குச் சுற்றுவது பாலியூரித்தேன் என்ற ரசாயன நாடா. பின்புறத்தில் பசை, மேல் முனைக்கு ஒட்டு நாடா. குத்தூசி வேண்டாம், ஆணி வேண்டாம், மெழுகு நூல் வேண்டாம். கடையில் வாங்கி, திண்ணையில் உட்கார்ந்து, ஐந்து நிமிஷத்தில் யாரும் சுற்றிக் கொள்ளலாம்.

இந்த மாறுதலைப் பற்றி என்ன நினைப்பது? பழமையில் ஆசை உள்ளவர்கள் பெருமூச்சு விடுவார்கள். கன்றுத்தோலின் வாசனை போயிற்று. ஒரு கைத்தொழில் போயிற்று. வேலி நிழலில் உட்கார்ந்திருந்தவரின் நாலு காசு வருமானமும் போயிற்று. வாஸ்தவம். அந்த நஷ்டத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தொழிலை இழந்தவருக்கு ஈடு யாரும் கொடுக்கவில்லை.

ஆனால் அந்த நாலு காசு தரையில் விழுந்த காசு என்பதையும் மறக்கக் கூடாது. அவருடைய பேரன் இன்று அந்த நாடாவைக் கடையில் விலை கொடுத்து வாங்குகிறான். கோட்டுக்கு உள்ளே நிற்கிறான். தன் மட்டைக்குத் தானே சுற்றிக் கொள்கிறான். தாத்தாவின் கை, மட்டையைச் சுற்றலாம், ஆடக் கூடாது என்று இருந்தது. பேரனின் கை இரண்டையும் செய்கிறது. 2024-ல் பாரிஸ் பாராலிம்பிக்கில் பாட்மிண்டனில் தமிழ்நாட்டுப் பெண்கள் மூவர், துளசிமதி முருகேசன், மனீஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன், மெடல் வாங்கினார்கள். முதல் இருவர் கைக்குறை உள்ளவர்களுக்கான பிரிவில் ஆடியவர்கள். மட்டையைப் பிடிக்கத் தகுந்த கை எது என்று பூனாவிலும் கரிசலிலும் எத்தனையோ பேர் எத்தனையோ தீர்ப்புச் சொன்னார்கள். மட்டை யாரையும் கேட்டுக் கொண்டு பிடிபடுவதில்லை.

உங்கள் வீட்டில் பழைய மரமட்டை பரணில் கிடந்தால் இறக்கிப் பாருங்கள். தோல் காய்ந்து கறுத்திருக்கும். பெருவிரல் பதிந்த இடத்தில் ஒரு பள்ளம் இருக்கும்; அது ஆடினவருடையது. அந்தத் தோலை மெதுவாக உரித்தால் உள்பக்கத்தில், ஓரம் நெடுக, கத்தியால் சீவின தடம் ஒரே சீராக ஓடும். அது மற்றவருடையது. இத்தனை வருஷமாக இரண்டு பேரும் ஒரே தோலின் இரண்டு பக்கத்தில்தான் இருந்திருக்கிறார்கள்.